ஓட்டாமல் நிறுத்தினால் கசியும் பிரேக்: 1971 கார்வெட் ஒன்றின் கேலிப்பர் புதுப்பிப்பு

செவர்லே கார்வெட்டுக்கு நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வந்தது 1965 மாடலில்தான். பழைய டிரம் பிரேக்கே வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த ஆண்டு விலையில் 64.50 டாலர் கழித்துக் கொடுத்தார்கள். அப்படிக் கேட்டு வாங்கிய கார்கள் 316; மொத்தம் தயாரானவை 23,562. ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ மொரெய்ன் பிரிவு செய்த கேலிப்பரில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கூட்டில், நான்கு பிஸ்டன்கள். டிஸ்கின் விட்டம் 11.75 அங்குலம், கனம் 1.25 அங்குலம், நடுவே காற்றோட்டத்துக்கு வழி. எடை மிகுந்த, வேகமான காரைத் திரும்பத் திரும்ப நிறுத்தினாலும் சூட்டில் சோர்ந்துபோகாத பிரேக் அது. சில்லறை மாற்றங்களோடு 1982 வரை அதே அமைப்பு நீடித்தது.

இவ்வளவு நல்ல பிரேக்குக்கு ஒரு கெட்ட பெயரும் சேர்ந்தே வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக இருக்கும். சில மாதம் நிறுத்திவைத்தால் கசியும். கசிவே இல்லாமல் பெடல் மட்டும் கீழே இறங்குவதும் உண்டு. ரப்பர் சீல் தரமில்லை என்று பலரும் சீலை மாற்றுகிறார்கள், அடுத்த ஆண்டு மீண்டும் மாற்றுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் நான் உடனிருந்து வேலை பார்த்த 1971 கார்வெட் ஒன்றை வைத்து, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். அந்தக் காரில் இரண்டு பின்சக்கரங்களும் தொல்லை கொடுத்தன. ஒன்றில் காரணம் கேலிப்பருக்குள்ளே இருந்தது, மற்றதில் வெளியே இருந்தது.

சீல் எதன்மீது உரசுகிறது?

டிஸ்க் பிரேக் கேலிப்பரைத் திறந்து பார்க்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் சதுர வெட்டு கொண்ட ரப்பர் வளையம் கேலிப்பரின் உள்சுவரில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் அதனூடே சறுக்கும். அங்கே திரவத்தைத் தடுக்கும் பரப்பு பிஸ்டனின் வெளிப்பக்கம். உள்சுவரில் ஓரளவு துரு இருந்தாலும், பள்ளம் சுத்தமாகவும் பிஸ்டன் பளபளப்பாகவும் இருந்தால் போதும், கசியாது. பெடலை விட்டதும் முறுக்கிக்கொண்ட ரப்பர் தன் நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னால் இழுத்துக்கொள்ளும்.

கார்வெட்டின் கேலிப்பர் இதற்கு நேர் எதிர். சீல் பிஸ்டனில் இருக்கிறது. சதுர வளையமும் இல்லை. திரவம் இருக்கும் பக்கம் நோக்கி உதடு விரிந்த சீல். அழுத்தம் வரும்போது உதடு விரிந்து சுவரை இறுகப் பற்றும், அழுத்தம் இல்லாதபோது மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். பிஸ்டனை அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள், சுவரோ வார்ப்பிரும்பு. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் பின்னால் ஒரு சுருள்வில் இருந்து பிஸ்டனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே டிஸ்கை உரசி நிறுத்தும் பேட் எப்போதும் அதைத் தொட்டபடியே இருக்கும், பெடலை மிதித்த கணமே பிரேக் பிடிக்கும். பந்தய அனுபவத்திலிருந்து வந்த யோசனை என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் இந்த அமைப்பில் திரவத்தைத் தடுக்கும் பரப்பு வார்ப்பிரும்புச் சுவர். அதில் துரு விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் கிளைகால் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு கொண்டது. அமெரிக்கத் தரப்பிரிவில் டாட் 3 எனப்படும் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கான அளவு 140 டிகிரிதான். கொதிநிலை குறைவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே நீர் நின்ற இடத்தில் இரும்பைத் தின்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். மிச்சிகனில் இலையுதிர் காலம் முடியும்போது இந்தக் கார்களுக்கு உறை போட்டுவிடுவார்கள், சாலையில் தூவிய உப்பு கரைந்துபோன பிறகே வெளியே எடுப்பார்கள். அத்தனை மாதமும் பிஸ்டன் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. சீலின் உதடு எங்கே நின்றதோ அதை ஒட்டியே துருக்குழிகள் விழுகின்றன.

காரின் நிலை

மிசௌரியின் செயின்ட் லூயிஸ் ஆலையில் தயாரான கூப்பே அது. உரிமையாளர் மூன்றாமவர். சொன்ன புகார் தெளிவாக இருந்தது: காலையில் எடுக்கும்போது பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கிறது, நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் போய் இறங்கும்போது பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது, இரண்டு முறை அடித்து மிதித்தால் மேலே வருகிறது. திரவத்தின் அளவு பெரிதாகக் குறையவில்லை. முன்பு ஒரு பட்டறையில், பெடலின் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், பயன் இல்லை.

திரவம் வெளியே போகாமல் பெடல் இறங்குகிறது என்றால் காற்று உள்ளே வருகிறது என்று பொருள். சக்கரங்களைக் கழற்றினோம். இடது பின்சக்கரக் கேலிப்பரில் உட்பக்கத் தூசி உறையின் அடியில் ஈரம். விரலில் ஒட்டிய திரவம் தேநீர் நிறத்தில் இருந்தது. வலது பின்சக்கரம் சுத்தமாக உலர்ந்திருந்தது. ஆனால் அதன் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகை, திறந்து காற்று எடுத்தபோது, நுரை நுரையாகக் குமிழிகள் வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். கசிந்த சக்கரத்தில் காற்று குறைவு. கசியாத சக்கரத்தில் காற்று மிகுதி. இந்த இடத்தில் நிதானிக்காமல் இரண்டுக்கும் சீல் செட் வாங்கிப் போட்டிருந்தால் வலது பக்கம் மறு மாதமே பழைய நிலைக்கு வந்திருக்கும்.

இடது பக்கம்: சுவரில் துரு

அந்தக் காலப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. எந்தப் பேட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாத காரில் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியாலும் பிரேக் கிளீனராலும் துடைத்த பிறகே கேலிப்பரை இறக்கினோம்.

இந்தக் கேலிப்பரில் பிஸ்டனை எடுப்பது எளிது. பின்னால் வில் இருப்பதால் தூசி உறையின் இரும்பு வளையத்தை நெம்பி எடுத்ததும் பிஸ்டன் தானாக மேலே வந்துவிடும். இரண்டு பாதிகளை இணைக்கும் பெரிய போல்ட்டுகளைக் கழற்றினால் நடுவில் திரவம் கடக்கும் வழிகளைச் சுற்றி ஓ-ரிங்குகள் எனப்படும் சிறிய ரப்பர் வளையங்கள் இருக்கும். அவை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியவை.

உட்பக்கப் பாதியில் ஒரு துளையின் சுவரைத் துடைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது நிலைமை தெரிந்துவிட்டது. அடிப்பாகத்தில், சீல் நின்ற வட்டத்தை ஒட்டி, ஊசி முனையால் குத்தியதுபோல் கருத்த புள்ளிகள் வரிசையாக இருந்தன. நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டியது. பிஸ்டனில் அலுமினியத்தின் மேல்பூச்சு ஒரு பக்கம் மங்கியிருந்ததே தவிரப் பள்ளம் இல்லை. சீலின் உதடு கிழியவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை. ரப்பர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. தொட்டுக்கொள்ள ஒழுங்கான சுவர் அதற்கு இல்லாமல் போய்விட்டது.

மேலோட்டமான கறையாக இருந்தால் ஹோனிங் செய்து, அதாவது சாணைக்கல்லால் உள்சுவரை மெல்லத் தேய்த்து, போக்கிவிடலாம். நகம் தட்டும் குழியை ஹோனிங்கால் எடுக்கப் போனால் துளையின் விட்டம் பெரிதாகும். உதட்டின் பிடி தளரும். பின்பக்கப் பிஸ்டனின் விட்டம் 1 3/8 அங்குலம், முன்பக்கம் 1 7/8 அங்குலம். இந்த அளவில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலே பிஸ்டன் ஆடத் தொடங்கும்.

ஆகவே துருப்பிடிக்காத எஃகில் ஸ்லீவ் போடுவதே தீர்வு. துளையைப் பெரிதாகக் கடைந்து, கசியாத பசையோடு எஃகுக் குழாயை அழுத்திப் பொருத்தி, பிறகு பழைய அளவுக்கே ஹோன் செய்வார்கள். இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் அமெரிக்காவில் உண்டு. பழைய கேலிப்பரைக் கொடுத்துவிட்டு ஸ்லீவ் போட்ட வேறொன்றை வாங்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. இந்த உரிமையாளர் தம் காரின் கேலிப்பர்களையே அனுப்பிச் செய்து வாங்கினார். அதுவே சரி என்பது என் எண்ணம். 1974 முதல் இயங்கும் தேசியக் கார்வெட் புதுப்பிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகள் கார்களை மதிப்பிடும்போது மூல வார்ப்பைத்தான் தேடுகின்றன. ஸ்லீவ் உள்ளே இருப்பதால் வெளித்தோற்றம் மாறுவதில்லை. மதிப்பீட்டைவிட முக்கியமான காரணமும் உண்டு: முன்பின் தெரியாத கேலிப்பரில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது, உங்கள் காரில் இருந்ததன் கதை உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்த கேலிப்பரில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லீவின் வாய். அந்த விளிம்பு சாய்த்துத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். கூர்மையாக விட்டிருந்தால் பிஸ்டனைச் செருகும்போதே சீலின் உதட்டைச் சீவிவிடும். விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

வலது பக்கம்: காற்றை இழுக்கும் டிஸ்க்

வலது கேலிப்பரைத் திறந்தபோது சுவர்கள் கண்ணாடிபோல் இருந்தன. யாரோ முன்பே ஸ்லீவ் போட்டிருக்கிறார்கள். சீல்கள் புதியவை. அப்படியிருந்தும் அத்தனை காற்று எங்கிருந்து வந்தது?

சேஸியைத் தாங்கிகளில் நிறுத்தி, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து முதலில் சக்கர பேரிங்கைப் பார்த்தோம். சக்கரமும் டிஸ்கும் மாட்டப்படும் பின்பக்க ஸ்பிண்டிலில் உள்வெளி அசைவு 0.001 முதல் 0.008 அங்குலம் வரை இருக்கலாம் என்கிறது ஆலையின் பழுதுபார்ப்புக் கையேடு. இங்கே 0.004 இருந்தது; பழுதில்லை. டிஸ்கை வீல் நட்டுகளால் இறுக்கி, அதன் ஓரத்தில் கேஜின் முனையை வைத்து மெல்லச் சுற்றியபோது முள் 0.009 அங்குலம் ஆடியது. கையேடு அனுமதிப்பது 0.005. இந்தக் கேலிப்பரை நன்கு அறிந்தவர்கள் 0.002-க்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள்.

ஆலையில் டிஸ்கை ஸ்பிண்டிலோடு ரிவெட் அடித்து இணைத்து, இரண்டையும் ஒன்றாகவே லேத்தில் கடைந்தார்கள். அதனால் ஸ்பிண்டிலின் முகத்தில் சிறு கோணல் இருந்தாலும் டிஸ்கின் பரப்பு நேராகச் சுற்றும். பின்னாளில் டிஸ்க் தேய்ந்தபோதோ, ஹேண்ட் பிரேக்கின் சிறிய ஷூக்களைப் பார்ப்பதற்காகவோ அந்த ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துவிடுகிறார்கள். புது டிஸ்க் அப்படியே மாட்டப்படுகிறது. ஸ்பிண்டில் முகத்தில் 0.002 இருந்த கோணல், அதைவிட அகலமான டிஸ்கின் ஓரத்துக்குப் போகும்போது பெரிதாகிறது. இடையில் ஒரு துளி துருத்தூள் சிக்கினால் இன்னும் பெரிதாகும். வலது பக்கம் நடந்தது இதுதான்; இடது பக்கத்தில் ரிவெட்டுகள் இன்னும் இருந்தன.

பேட் எப்போதும் டிஸ்கைத் தொட்டிருக்கிறது, பேடின் பின்னால் பிஸ்டன். டிஸ்க் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்கள் உள்ளே போய் வெளியே வரும். வெளியே வரும் நேரத்தில் உள்ளே அழுத்தம் இல்லை; உதடும் மெல்லத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. உதடு விரிந்திருப்பது திரவத்தின் பக்கம் என்பதால் உள்ளிருந்து வெளியே போவதை அது தடுக்கும். வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்க அதனால் இயலாது. சைக்கிள் பம்பின் தோல் வாஷர் கைப்பிடியை இழுக்கும்போது காற்றை உள்ளே விடுவது இதே முறையில்தான். இந்தக் காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 முறை சுற்றும். 20 கிலோமீட்டரில் ஒன்பதாயிரத்துக்கு மேல். ஒரு சுற்றுக்கு மிகச் சிறிதளவு காற்று புகுந்தால்கூட இறங்கும் இடத்தில் பெடல் பாதியில் நிற்பது வியப்பல்ல. சொட்டுத் திரவம்கூட வெளியே வராததற்கும் காரணம் இதுவே.

டிஸ்கைக் கழற்றி, ஸ்பிண்டில் முகத்தையும் டிஸ்கின் உட்பக்கத்தையும் கம்பிப் பிரஷ்ஷால் துருப்போக்கித் துடைத்தோம். சக்கரத்தைப் பூட்டும் ஸ்டட்டுகள் ஐந்து இருப்பதால் டிஸ்கை ஐந்து நிலைகளில் மாட்டலாம். ஒவ்வொன்றையும் அளந்து குறித்தோம். சில நிலைகளில் மோசமானது, ஒன்றில் 0.005-க்கு இறங்கியது. நல்லவேளையாக அந்த நிலையில் ஹேண்ட் பிரேக் சரிசெய்யும் துளையும் மறையவில்லை. அதற்குமேல் இறக்க, ஸ்பிண்டிலுக்கும் டிஸ்குக்கும் நடுவே வைக்கும் மெல்லிய ஷிம் தேவைப்பட்டது. கடைசியில் 0.002-க்குள் வந்தது. கனத்தையும் அளந்தோம், 1.215 அங்குலத்துக்குக் கீழே போனால் டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டும் என்பது விதி, இது அதற்கு மேலேயே இருந்தது.

கேலிப்பர் புதுப்பிப்பு என்ற பெயரில் செய்யும் வேலையில் பாதி இந்த அளவெடுப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைச் செய்யாமல் கேலிப்பர்களை மட்டும் மாற்றுகிறவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், பிரேக்மேல் இருக்கும் நம்பிக்கையையும் இழக்கிறார்கள்.

ஓ-ரிங் போடலாமா?

உதட்டுச் சீலுக்குப் பதிலாக ஓ-ரிங் பொருந்தும் பிஸ்டன்கள் விற்கின்றன. ஓ-ரிங் இரு பக்கமும் ஒரே மாதிரி தடுக்கும்; காற்று புகுவது பெரிதும் குறையும். நிறுத்தியே வைக்கும் கார்களுக்கு அது ஏற்றது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிஸ்கின் ஆட்டத்தை மறைப்பதற்காக அதைப் போடுவது ஆபத்து. உதட்டுச் சீல் போட்ட கேலிப்பர் பேரிங் தளரும்போது பெடல் வழியாகச் சொல்லிவிடும். ஓ-ரிங் அதை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடும்; இந்தக் காரின் பின்பேரிங் கைவிட்டால் விளைவு பெடல் இறங்குவதோடு நிற்காது. முதலில் டிஸ்கைச் சரிசெய்யுங்கள். அதன்பிறகு எது போட்டாலும் நன்றாக இருக்கும். இங்கே உதட்டுச் சீலையே போட்டோம்.

பூட்டும்போது

சீலின் உதடு துளையின் அடியை, அதாவது திரவம் இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். புதிய பிரேக் திரவத்தை மட்டும் தடவ வேண்டும். கையில் கிடைக்கும் கிரீஸைத் தடவினால் பெட்ரோலிய எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும். பிஸ்டனை நேராக வைத்து, முனை மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் உதட்டைச் சுற்றிலும் மெதுவாக உள்ளே மடித்துவிட்டு அழுத்த வேண்டும். எங்காவது தடுத்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குவதே நல்லது.

கேலிப்பரை டிஸ்கின்மேல் ஏற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. நான்கு வில்களும் பிஸ்டன்களைப் பேடோடு சேர்த்து நடுவே தள்ளிக்கொண்டிருக்கும். டிஸ்க் நுழைய வழி இருக்காது. சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகட்டுக் கரண்டிகள் இரண்டை எடுத்து, இரு பக்கப் பேடுகளையும் பிரித்துப் பிடித்தபடி இன்னொருவர் கேலிப்பரை இறக்கினால் சிக்கலில்லாமல் உட்காரும். உட்கார்ந்ததும் கரண்டிகளை உருவிவிடலாம். ஒருவராகச் செய்யப் போனால் பேட் கோணலாகி, பிஸ்டன் சாய்ந்து, புதுச் சீல் முதல் நாளே கிள்ளப்படும்.

ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும் வயது அவற்றுக்கு. கேலிப்பர்களை இடது வலது மாறாமல் மாட்டுவது பற்றி ஒரு வரி: நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும், மாறினால் கீழே போய்விடும், காற்று ஒருபோதும் வெளியேறாது. பின்பக்கக் கேலிப்பர் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு நிப்பிள்கள். வெளிப்பக்கத்தது சக்கரத்தைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும் என்பதால் அவசரக்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் எடுக்க வேண்டும். நடுநடுவே ரப்பர் சுத்தியலால் கேலிப்பரைத் தட்டினால் ஒட்டிக்கொண்ட குமிழிகள் பிரிந்து வரும்.

திரவத்தைத் தேர்ந்தெடுப்பதில் நீண்ட விவாதம் நடந்தது. டாட் 5 என்னும் சிலிகான் திரவம் நீரை உறிஞ்சாது, பெயின்டைக் கெடுக்காது. நெடுநாள் நிற்கும் வாகனங்களை வைத்திருக்கும் அமெரிக்க ராணுவம் அதைப் பயன்படுத்தியது. ஆனால் கிளைகால் திரவத்தோடு அது கலக்காது. குழாய்களை முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டும். நுண்குமிழிகளை எளிதில் விடாது. உள்ளே வந்துவிட்ட நீர் அதில் கரையாமல் பள்ளத்தில் தேங்கி, அங்கேயே துருவை உண்டாக்கும். முன்சக்கரங்களில் இன்னும் வார்ப்பிரும்புச் சுவர்கள் இருந்ததால் டாட் 4 ஊற்றி, இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது என்று முடிவானது. (1984-இல் புதிய தலைமுறை கார்வெட்டுக்கு இந்த அமைப்பையே கைவிட்டு, கர்லாக் நிறுவனத்தின் அலுமினியக் கேலிப்பர்களைப் போட்டார்கள். சென்னைத் தயாரிப்பான டிவிஎஸ் கர்லிங் பிரேக் திரவப் புட்டியில் நாம் பார்த்துப் பழகிய கர்லிங்கோடு தொடர்புடைய நிறுவனம் அது.)

ஓட்டிப் பார்த்தபோது பெடல் தொடங்கிய உயரத்திலேயே நின்றது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி உடனே வலது பின்சக்கரத்தின் இரண்டு நிப்பிள்களையும் திறந்து பார்த்தோம், குமிழி இல்லை. குளிர்கால ஓய்வு முடிந்து கார் வெளியே வந்தபோதும் இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் உலர்ந்தே இருந்தது.

முன்பக்கக் கேலிப்பர்களை இப்போதைக்குத் தொடவில்லை. அவற்றின் டிஸ்குகள் ஆலையில் அடித்த ரிவெட்டோடு 0.002-இல் சுற்றுகின்றன, தூசி உறைகளின் அடியில் ஈரமில்லை. ஆனால் அடுத்த முறை பேட் மாற்றும்போது அவற்றுக்கும் ஸ்லீவ் போட்டாக வேண்டும். தேய்ந்த பேடை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ளுவோம். இதுவரை சீல் தொடாமல் விட்டிருந்த துருப்பட்ட சுவரின்மேல் உதடு போய் உட்காரும். பல கார்களில் பேட் மாற்றிய மறுவாரமே கசிவு தொடங்குவது இதனால்தான். உரிமையாளர் இந்தச் செலவையும் பேட் செலவையும் ஒன்றாகவே குறித்து வைத்திருக்கிறார்.